அரக்குச் சாயம்

செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களை முன்னால் வைத்தால் அவை எனக்காக வாதாட ஆரம்பித்துவிடும்.

2022 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை இரவு. என்னிடம் புடவை வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்குத் தனியாக அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியைப் படமெடுத்து, நாற்பதாயிரம் பேர் பின்தொடரும் என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஸ்டோரியாகப் போட்டேன். அவர் சொன்ன குறை உண்மை. உண்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டேன்.

நான் காரைக்குடியில் கண்டாங்கிப் புடவை விற்கிறவள். கடை கிடையாது. வீட்டு முன்னறையில் இரண்டு அலமாரி, பார்சல் கட்ட ஒரு மேசை. வியாபாரம் முழுக்கக் கைப்பேசியில்தான். கண்டாங்கி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கனத்த பருத்தி, அகலக் கரை, உடம்பு முழுக்கக் கட்டம் அல்லது கோடு, அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் நிறம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு நான் தொழிலைத் தொடங்கினேன். வாட்ஸ்அப் வியாபாரச் செயலி வந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது.

அப்போது என்னிடம் இருநூறு சொச்சம் எண்கள் இருந்தன. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதுவும் நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொருவரிடமும் பேசிப் பழகி, எண்ணைப் பதியவைக்க வேண்டும். பேசினேன். ஒரு நீளக் கணக்கு நோட்டு போட்டேன். பெயர், முகவரி, வாங்கிய புடவை, பக்கத்தில் ஒரு குறிப்பு. ‘பெங்களூர் அக்கா, தோள்வலி, கனம் ஆகாது.’ ‘தேனி, அம்மாவுக்குக் கறுப்பு கலந்தால் பிடிக்காது.’ ‘இரண்டாவது துவைப்புக்குப் பிறகு போன் பண்ணிக் கேட்க வேண்டும்.’ கேட்கவும் செய்தேன். வாங்கியவர்களே அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். சமூக ஊடகத்தில் வியாபாரம் செய்வது எப்படி என்று யாராவது இன்று கேட்டால் அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன். அதை நான் மூடிவைத்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2020 ஜூன் 29-இல் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. ஊரடங்கு காலம். எனக்கு நெய்து தந்த தறிக்கார அண்ணன் வீட்டில் குழித்தறி ஓடும் சத்தத்தைப் பாட்டு எதுவும் சேர்க்காமல் அப்படியே பிடித்துப் போட்டேன். அந்த ஒரு காணொளி என்னை எங்கேயோ கொண்டுபோனது. மூவாயிரம் பேர் பத்தாயிரமானார்கள், பிறகு நாற்பதாயிரம். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பேன். எண் ஏறினால் அன்றைக்கு வீட்டில் எல்லாரிடமும் நன்றாகப் பேசுவேன். இறங்கினால் எரிந்து விழுவேன். செய்திகள் நாளுக்கு முந்நூறு வந்தன. தானாகப் பதில் போகும்படி செயலியில் அமைத்தேன்: ‘வணக்கம்! உங்கள் அன்புக்கு நன்றி. புதிய வரவுகளுக்கு எங்களோடு இணைந்திருங்கள்.’ நோட்டு அலமாரிக்கு மேலே போனது. முகவரிகூட அரட்டைப் பெட்டியில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு என்னைப் பயிற்சிக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முறுக்கு சுடும் பெண்கள், மசாலா அரைக்கிறவர்கள், மகளிர் குழுக்காரர்கள் வந்து உட்காருவார்கள். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுப்பேன். புகார் வந்தால் முதலில் வெளியே எல்லாரும் பார்க்கிற இடத்தில் வருத்தம் சொல்லுங்கள், பிறகு தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். டேவ் கரோல் கதையைச் சொல்வேன். கனடாக்காரர், பாடகர். 2008-இல் யுனைடெட் விமானத்தில் போனபோது அவருடைய 3,500 டாலர் கிதாரை உடைத்துவிட்டார்கள். பழுது பார்க்க 1,200 டாலர். 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று சொல்லி நிறுவனம் கைவிரித்தது. ஒன்பது மாதம் அலைந்துவிட்டு அதை ஒரு பாட்டாக்கி 2009 ஜூலையில் யூடியூபில் போட்டார். உலகமே பார்த்தது. ‘ஒரு ஆளை அலையவிடாதீங்க’ என்று முடிப்பேன். கை தட்டுவார்கள்.

இனி நூலுக்கு வருகிறேன்.

2022 நவராத்திரி செப்டம்பர் கடைசியில் வந்தது, தீபாவளி அக்டோபர் 24. அரக்கு உடல், மஞ்சள் கரை என்று ஒரு கட்டப் புடவையின் படத்தை முன்கூட்டியே போட்டிருந்தேன். கேட்டு வந்தவர்கள் ஏராளம். வழக்கமாகச் சாயம் போடுகிறவர் மூன்று வாரம் கேட்டார். நான் வேறொரு பட்டறைக்குப் போனேன். ஐந்து நாளில் கொடுத்தார்கள், விலையும் குறைவு. பருத்தி நூலில் ஆழமான சிவப்பு ஏற்றினால், நூலோடு ஒட்டாத சாயம் எப்போதும் கொஞ்சம் மேலே தங்கும். கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் மறுபடி மறுபடி அலசி அதை எடுக்க வேண்டும். ஐந்து நாளில் அந்த அலசல் நடந்திருக்காது. எனக்கு இது தெரியாததல்ல. தொழிலில் நாலு வருஷம் ஆகியிருந்தது.

தறிக்கார அண்ணன் நாலு புடவை நெய்ததும் வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேசாதவர். உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினார். விரல் நுனியும் நகக்கண்ணும் சிவந்திருந்தன.

“தங்கச்சி, நூல்ல சாயம் நிக்கல. ஊடை நூல் கைல ஏறுது. திருப்பிக் குடுத்து அலசச் சொல்லுங்க.”

நான் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, நெய்த புடவையின் ஓரத்தில் பத்து தடவை தேய்த்தேன். துணி வெற்றிலை போட்டுத் துப்பிய மாதிரி ஆனது. அதைச் சுருட்டி மேசை இழுப்பறையில் போட்டேன்.

“நவராத்திரியும் தீபாவளியும் அடுத்தடுத்து வருது அண்ணே. நாள் இல்ல. தனியா உப்புத் தண்ணில நனைங்கன்னு சீட்டு எழுதி வச்சிடுறேன். நீங்க நெய்ங்க.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெய்தார். மொத்தம் 28 புடவை. ஒன்று 1,650 ரூபாய். 28-ம் பத்து நாளில் விற்றுப்போயின. சீட்டும் வைத்தேன். நூலோடு ஒட்டாத சாயத்தை உப்புத் தண்ணீர் பிடித்து நிறுத்தாது. அந்தச் சீட்டை எழுதியது வாங்குகிறவர்களின் நன்மைக்காக இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால், நீங்கள்தான் சரியாக நனைக்கவில்லை என்று சொல்வதற்காக.

அந்த ஆசிரியை கொலுவுக்காக வாங்கினார். சரஸ்வதி பூஜைக்குக் கட்டியிருக்கிறார். பிறகு நனைத்திருக்கிறார். அக்டோபர் 12, புதன்கிழமை காலை அவருடைய செய்தி வந்தது.

‘வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியிருந்தபடி தனியாக, உப்புத் தண்ணீரில்தான் நனைத்தேன். அரக்கு இறங்கி மஞ்சள் கரை முழுக்கப் பிடித்துவிட்டது. மாற்றித் தர முடியுமா? அவசரமில்லை.’

கூடவே ஒரு படம். மஞ்சள் கரையில் ரத்தக் கறை போல அங்கங்கே திட்டு. பக்கத்தில் அவருடைய கை. விரல்களும் சிவந்திருந்தன.

அவருக்கு என் செயலி உடனே பதில் சொன்னது: ‘வணக்கம்! உங்கள் அன்புக்கு நன்றி. புதிய வரவுகளுக்கு எங்களோடு இணைந்திருங்கள்.’

நான் படித்தேன். நீல டிக் விழுந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். ‘அவசரமில்லை’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தள்ளினேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மூன்று நாளும் அந்தப் படம் நினைவில் இருந்தது. ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தால் இருபத்தெட்டு பேருக்கும் மாற்ற வேண்டிவரும். 46,200 ரூபாய். பயந்தேன்.

சனிக்கிழமை அவர் என் காணொளியின் கீழே எழுதினார்: ‘இந்தப் புடவையில் சாயம் போகிறது. கேட்டால் பதில் இல்லை.’ நீக்கினேன். மறுபடி எழுதினார். மறுபடி நீக்கினேன். ஞாயிறு மாலை வாட்ஸ்அப்பில் வந்தது: ‘நாலு நாளாகப் பார்த்தும் பதில் இல்லை. எழுதியதையும் அழிக்கிறீர்கள். இது ஏமாற்று வேலை.’

அந்தச் சொல் என்னைச் சுட்டது. சரியான சொல் என்பதால் சுட்டது. பொய்க் குற்றச்சாட்டாக இருந்திருந்தால் நிதானமாகப் பதில் எழுதியிருப்பேன்.

இரவு ஒன்பதே முக்கால். சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். செய்தியைப் படமெடுத்தேன். முதல் செய்தியை வெட்டினேன். ‘வணக்கம் அம்மா’ போனது. ‘அவசரமில்லை’ போனது. அவருடைய கை போனது. கடைசிச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் பெயரின் மேல் விரலால் கறுப்புக் கோடு இழுத்தேன். பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்தில் அவருடைய படம், ஒரு சிக்குக் கோலம். அதை மறைக்கவில்லை. பிற்பாடு கேட்டவர்களிடம் கவனிக்கவில்லை என்று சொன்னேன். கவனித்தேன். விட்டேன். மேலே எழுதினேன்: ‘ஒரு நெசவாளியின் உழைப்பை ஏமாற்று வேலை என்கிறார்கள். கைத்தறி எல்லாருக்கும் புரியாது.’ கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. அனுப்பினால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் இன்ஸ்டாகிராமிலும் அதே கோலத்தைத்தான் வைத்திருந்தார். தினமும் வாசலில் போடும் கோலத்தைப் படமெடுத்துப் போடுவதற்காக மட்டுமே ஒரு பக்கம். பின்தொடர்ந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஒவ்வொரு கோலத்துக்கும் கீழே என் ஆட்கள் போய் எழுதினார்கள். ஏழைகள் வயிற்றில் அடிப்பவள் என்றார்கள். ஆயிரம் ரூபாய் புடவைக்கு அலைபவள் என்றார்கள். அவர் வயதைச் சொல்லி எழுதியதை இங்கே எழுத மாட்டேன். நான் அதையெல்லாம் படித்தேன். சிலவற்றுக்கு இதயக் குறி போட்டேன்.

அதோடும் நிற்கவில்லை. என்னிடம் பார்சல் கட்ட வரும் பெண்ணை இரண்டு பொய்க் கணக்கு தொடங்கவைத்து, ‘பத்துத் தடவை துவைத்துவிட்டேன், நிறம் அப்படியே இருக்கிறது’ என்று எழுதச் சொன்னேன். படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பெண். என்னை அக்கா என்பாள். எழுதினாள். விற்கிறவர் வாங்கியவர் போல நடித்து விமர்சனம் எழுதக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. இதை நான் பயிற்சி வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் முழுதும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். அந்த வாரம் எனக்கு வியாபாரம் ஏறியது. அன்றுவரை நான் போட்ட எதையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. ‘உங்களுக்கு ஆதரவாக’ என்று சொல்லிப் புடவை வாங்கினார்கள். மகிழ்ச்சியாக இருந்தேன். தூக்கம் வராமல் தவித்தேன் என்று எழுத ஆசைதான். நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமைக்குள் இன்னும் ஐந்து பேரிடமிருந்து அதே படம் வந்தது. மஞ்சள் கரை, சிவப்புத் திட்டு. இப்போது ஆறு பேரையும் பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. வியாழன் இரவு நேரலையில் வந்தேன். கண் கலங்கினேன். அது நடிப்பில்லை, பயம். ‘நெய்கிற இடத்தில் ஒரு தவறு நடந்துவிட்டது. எனக்கே இப்போதுதான் தெரியும்’ என்றேன். நாலு நாளைக்கு முன்னால் யாருடைய உழைப்பைக் கேடயமாகப் பிடித்தேனோ, அவரையே முன்னால் தள்ளினேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. என் காணொளிகளில் இரண்டு வருஷமாக அவர் கையையும் அவர் தறியையும்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

அண்ணனுடைய மகள் அதைப் பார்த்து அவரிடம் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை வந்தார். கையில் மிச்ச நூல் கட்டு. திண்ணையில் வைத்தார்.

“இந்த நூல் நீங்க குடுத்தது தங்கச்சி. எண்ணிக்கோங்க.”

வேறு எதுவும் கேட்கவில்லை. நான் “உள்ள வாங்கண்ணே” என்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவருக்கு வேலை கொடுத்துவந்த இன்னொருவர் அந்த நேரலையைப் பார்த்துவிட்டுப் பொங்கல் வரைக்கும் நூல் கொடுப்பதை நிறுத்தினார். அந்த வீட்டில் இரண்டு தறி. இரண்டும் நின்றன. அவர் மனைவி பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனார். இதை நான் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

தீபாவளி கழிந்து நாலாம் நாள் ஒரு பயிற்சி வகுப்பு. போனேன். டேவ் கரோல் கதையைச் சொன்னேன். கை தட்டினார்கள். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து அதிரசம் விற்கும் ஒரு அம்மா எழுந்தார்.

“மேடம், அந்த டீச்சரம்மாவுக்கு நீங்க அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“அது அப்பவே பேசித் தீத்தாச்சும்மா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தை என்னால் நீக்க முடியவில்லை.

நவம்பரில் பார்சல் கட்டும் பெண் நின்றுகொண்டாள். “என்ன வேலை பாக்குறேன்னு அம்மா கேக்குறாங்க. சொல்ல முடியலக்கா” என்றாள். அதே மாதம் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்று ஒரு தர அளவை வெளியிட்டது. பொய் விமர்சனங்களைத் தடுக்க என்று செய்தித்தாளில் வந்திருந்தது. அந்தப் பக்கத்தை மடித்து, யார் கண்ணிலும் படாமல் பழைய பேப்பருக்குள் வைத்தேன். நான் எழுதவைத்த பொய் விமர்சனங்களைப் பற்றி வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது.

டிசம்பர் முதல் வாரத்தில் அந்த ஆசிரியைக்குப் போன் செய்தேன். மனசாட்சி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். இழுப்பறையில் பசைநாடா தேடும்போது அந்த வெள்ளைத் துணி கையில் சிக்கியது. சிவப்பு காய்ந்து பழுப்பாகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் எண்ணை அழுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நூல், துணி, வெட்டிய செய்தி, பொய்க் கணக்கு. இடையில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

“பணம் இருக்கட்டும்மா. அந்தப் படத்தை எடுத்துட்டீங்களா?”

“ஸ்டோரி 24 மணி நேரத்துல போயிடும் டீச்சர்” என்றேன்.

“போகலையே. இன்னைக்கும் இருக்கே. என் பொண்ணு காலைலகூடப் பாத்தாளே.”

திறந்து பார்த்தேன். இருந்தது. 24 மணி நேரத்தில் மறைந்துவிடக் கூடாது என்று நான்தான் அதை ஹைலைட்டில் சேமித்து, பக்கத்தின் உச்சியில் நிறுத்தியிருந்தேன். அதற்கு ‘உண்மை’ என்று பெயரும் வைத்திருந்தேன். ஏழு வாரம் அது அங்கேயே இருந்திருக்கிறது. அவரும் அவர் மகளும் தினமும் போய்ப் பார்த்திருக்கிறார்கள், எடுத்துவிட்டேனா என்று. அவர் தன் கோலப் பக்கத்தை மூடிவிட்டார். வாசலில் கோலம் போடுகிறாராம். படம் எடுப்பதில்லையாம்.

நீக்கினேன். அன்று இரவே வெட்டாத முழுச் செய்தியையும் வெள்ளைத் துணியின் படத்தையும், அவர் அனுமதி கேட்டு, அவர் பெயரும் கோலமும் இல்லாமல் போட்டேன். நூல் நான் கொடுத்தது, அண்ணன் என்னை எச்சரித்தார், நான் கேட்கவில்லை என்று எழுதினேன். அதைப் பார்த்தவர்கள் முந்தையதைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். “சரி தங்கச்சி” என்றார். எனக்கு இன்றுவரை நெய்து தரவில்லை. தரக் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. பயிற்சி வகுப்புகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அலமாரிக்கு மேலிருந்த நோட்டைக் கீழே இறக்கினேன். இப்போது ஒவ்வொரு புதுச் சாயத்தையும் வெள்ளைத் துணியில் தேய்த்து, அந்தத் துணியைக் காணொளியில் காட்டிவிட்டுத்தான் விற்கிறேன். நிறம் இறங்கினால் இறங்குகிறது என்றே சொல்கிறேன்.

அந்த 28 பேரில் 19 பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ஒன்பது பேரை என்னால் எட்ட முடியவில்லை. சிலர் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். சிலருடைய முகவரி பழைய கைப்பேசியோடு போய்விட்டது. நோட்டில் எழுதியிருந்தால் இருந்திருக்கும்.

2022 செப்டம்பரிலோ அக்டோபரிலோ காரைக்குடியிலிருந்து அரக்கு உடல், மஞ்சள் கரைக் கட்டக் கண்டாங்கி ஒன்று உங்களுக்குப் பார்சலில் வந்து, ‘தனியாக உப்புத் தண்ணீரில் நனைக்கவும்’ என்று கையால் எழுதிய சீட்டு அதற்குள் இருந்திருந்தால், அது நான் அனுப்பியது. புடவையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கறை பட்ட கரையைப் படமெடுத்து அனுப்புங்கள், போதும். 1,650 ரூபாயும் தபால் செலவும் உங்களுக்குச் சேர வேண்டியது. எடுத்து வைத்திருக்கிறேன்.